ஓடிக்கொண்டே இருந்த ஹீட் பம்ப், சூடேறாத குளம்

நீச்சல் குளத்து ஹீட் பம்ப், அதாவது வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் மெஷின், ஒரு வழியாக வழிக்கு வந்துவிட்டது. கம்ப்ரஸருக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே சுற்றி வெப்பத்தைக் கடத்தும் கேஸும் குறையவில்லை. கோளாறெல்லாம் காற்று போய்வரும் வழியில்தான் இருந்தது, அதுவும் மூன்று இடங்களில். ஒவ்வொன்றாகச் சரிசெய்து, ஒவ்வொரு முறையும் அளந்து குறித்துக்கொண்டதால் எது எவ்வளவு கெடுத்தது என்று எண்ணோடு சொல்ல முடிகிறது. இதே மாதிரி மெஷின் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதி வைக்கிறேன்.

முதலில் குளத்தின் கணக்கு. நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 1.4 மீட்டர். ஏறக்குறைய 45 கன மீட்டர் தண்ணீர். ஒரு கன மீட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் வேண்டும். அப்படியானால் குளம் முழுவதும் ஒரு டிகிரி ஏற 52 யூனிட். மெஷினின் தகட்டில் 15 கிலோவாட் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. ஆனால் அது காற்று 26 டிகிரி, தண்ணீர் 26 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும்போது கிடைப்பது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் காற்று 15 டிகிரி என்றால் 10.5 கிலோவாட் என்று இன்னொரு வரி இருக்கும். குளிர்ந்த நாட்களில் நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது வரிதான். கடையில் யாரும் இதைச் சொல்லி விற்பதில்லை.

10.5 கிலோவாட் என்றால் மணிக்கு 10.5 யூனிட் வெப்பம், டிகிரிக்கு சுமார் ஐந்து மணி நேரம். என் மெஷின் விடிந்ததிலிருந்து இரவு வரை ஓடியும் தண்ணீர் 26-ஐத் தாண்டவே இல்லை. 28-இல் செட் செய்திருந்தேன். பகலில் ஏறியது இரவில் இறங்கிவிடும். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து. திரையில் எரர் எதுவும் இல்லை. கம்ப்ரஸர் உறுமுகிறது, ஃபேன் சுற்றுகிறது, மீட்டரும் ஓடுகிறது. பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பார்க்க வந்த டெக்னீஷியன் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "கேஸ் குறைஞ்சிருக்கும் சார், ஏத்திடலாம்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அடைத்து மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம், அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் மேலே ஏற்றுவதில் பயன் இல்லை. தவிர, கேஸ் வேலை நாம் கை வைக்கக்கூடியதும் அல்ல. ஆர்-32 வகைக் கேஸ் தீப்பிடிக்கக்கூடியது, ஆர்-410ஏ அழுத்தம் அதிகமானது. அதனால் அதைக் கடைசிச் சந்தேகமாக வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து பார்க்கக்கூடியவற்றை முதலில் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

கேஸ் பற்றி வெளியிலிருந்தே ஒரு துப்புக் கிடைத்தது. காலையில் காற்று 16 டிகிரி இருக்கும்போதே பின்பக்கக் காயிலில், அதாவது காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் குழாய் அடுக்கில், பனி படிந்தது. அந்த வெப்பநிலையில் படியக்கூடாது. கேஸ் குறைவு என்றால் பெரும்பாலும் காயிலில் கேஸ் நுழையும் பக்கம் மட்டும் வெள்ளையாகி, மீதி இடம் வெறுமையாக இருக்கும். என் காயிலிலோ மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக மெல்லிய பனி. காயில் முழுக்கக் குளிர்கிறது, ஆனால் அதன் குளிரை எடுத்துப்போகப் போதுமான காற்று வரவில்லை என்றுதான் இது சொல்கிறது. அன்றே இதை முழுசாக நம்பியிருந்தால் அடுத்த கட்டத்தைத் தாண்டியிருக்கலாம்.

அடியில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் திசை திருப்பிவிட்டது. மெஷினுக்குள்ளே டைட்டானியம் குழாயைச் சுற்றி பிளாஸ்டிக் உறை, அதற்குள் குளத்துத் தண்ணீர் ஓடும். அது விட்டுவிட்டதோ என்று பயம். இதற்குச் சுலபமான சோதனை இருக்கிறது. சொட்டும் தண்ணீரில் குளோரின் பார்க்கும் பட்டையை நனைத்தேன், நிறம் மாறவில்லை. குளத்துத் தண்ணீரில் நனைத்த இன்னொரு பட்டை உடனே நிறம் மாறியது. அப்புறம் ஹீட் பம்பை நிறுத்திவிட்டு ஃபில்டர் பம்பை மட்டும் ஓடவிட்டேன், சொட்டுவதும் நின்றுவிட்டது. ஆக, அது காற்றின் ஈரம் காயிலில் குளிர்ந்து வடிகிற தண்ணீர். ஈரப்பதம் மிகுந்த நாளில் இது லிட்டர் கணக்கில் வரும், பயப்பட ஒன்றும் இல்லை. அடித்தட்டின் வடிகால் ஓட்டையில் மட்டும் இலைச்சருகு அடைத்திருந்தது. கம்பியால் குத்தி எடுத்துவிட்டேன்.

அடுத்து ஃபில்டர். பிரஷர் கேஜ் 1.2 பார் காட்டியது, சுத்தமாக இருக்கும்போது 0.7. அரை பார் ஏறிவிட்டால் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவுவது) செய்ய வேண்டியதுதான். செய்ததும் ஃப்ளோ மீட்டரில் ஓட்டம் மணிக்கு 4.5 கன மீட்டரிலிருந்து 6-க்கு ஏறியது. இதுதான் கோளாறு, தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. ஏன் என்று புரிய அளவுகள் தேவைப்பட்டன. இந்த வேலையில் எனக்கு மிகவும் உதவியது அளந்த விதம்தான் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டு கம்பி உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் எடுத்துக்கொண்டேன், 0.1 டிகிரி வரை காட்டுவது. முதலில் இரண்டு முனைகளையும் ஒரே வாளித் தண்ணீரில் போட்டேன். இரண்டும் 0.3 டிகிரி தள்ளிக் காட்டின. நாம் தேடும் வித்தியாசமே ஒரு டிகிரி அளவில்தான் இருக்கப்போகிறது. இந்த 0.3-ஐக் கழிக்காமல் விட்டால் எல்லாக் கணக்கும் பாழ். ஒரு முனையைக் குளத்துத் தண்ணீர் வெளியேறும் ஸ்கிம்மர் வாயிலும், இன்னொன்றைத் தண்ணீர் குளத்துக்குத் திரும்பி வரும் நாசிலுக்குள்ளும் செருகினேன். பிவிசி குழாயின் வெளிப்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி அளப்பது வேலைக்கு ஆகாது, பிளாஸ்டிக் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. மெஷினை ஓடவிட்டு இருபது நிமிடம் பொறுத்துத்தான் எண்ணை எடுக்க வேண்டும்.

அந்த வித்தியாசத்தை ஓட்டத்தாலும் 1.16-ஆலும் பெருக்கினால் கிலோவாட் வந்துவிடும். பேக்வாஷுக்கு முன் வித்தியாசம் 0.9, ஓட்டம் 4.5, ஆக 4.7 கிலோவாட். பேக்வாஷுக்குப் பின் வித்தியாசம் 0.7-ஆகக் குறைந்தது, ஓட்டம் 6, ஆக 4.9 கிலோவாட். அதாவது ஒன்றுமே மாறவில்லை. ஓட்டம் கூடியது, வித்தியாசம் குறைந்தது, அவ்வளவுதான். வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் பேக்வாஷ் செய்ததும் மெஷின் மோசமாகிவிட்டது என்றுகூடத் தோன்றும். பைபாஸ் வால்வை (ஒரு பகுதித் தண்ணீரை மெஷினுக்குள் போகாமல் திருப்பிவிடுவது) திருகித் திருகி வித்தியாசத்தைக் கூட்டிவிட்டு 'சூடு வருகிறது' என்று மகிழ்கிறவர்கள் இந்தப் பெருக்கலையும் ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். நான் அளந்த இடத்தில் பைபாஸ் தண்ணீரும் கலந்து வருகிறது. அதனால் கிடைப்பது குளத்துக்குப் போய்ச் சேரும் மொத்தக் கணக்கு.

மின்சாரத்துக்கு மெஷினின் லைனில் தனி மீட்டர் போட்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் 2.4 யூனிட் இழுத்தது. 4.9-ஐ 2.4-ஆல் வகுத்தால் 2. ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் இரண்டு யூனிட் வெப்பம். காற்று 16 டிகிரியில் நாலரையாவது வந்திருக்க வேண்டும்.

சரி, இனி மெஷினைத் திறப்பதுதான். எம்சிபியை இறக்கி, யாரும் தெரியாமல் போட்டுவிடாதபடி டேப் ஒட்டினேன். முன் வலைக்கம்பிக்கு நட்சத்திரத் திருகுகள், மேல் மூடிக்கும் அதே அளவுதான். ஃபேன் நட்டுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: சில மாடல்களில் அது எதிர்த் திருகு. வழக்கமான திசையில் பலம் போட்டால் இறுகிக்கொண்டே போகும்.

பின்பக்கக் காயில் வெளியிலிருந்து பளிச்சென்று இருந்தது. மழையும் தோட்டக் குழாயும் வெளி முகத்தைக் கழுவி வைத்திருக்கின்றன. இருட்டிய பிறகு ஃபேன் பக்கமிருந்து டார்ச்சை உள்ளே வைத்து, வெளியே வந்து பார்த்தேன். நல்ல காயில் என்றால் கோடு கோடாக வெளிச்சம் தெரிய வேண்டும். மேலே ஒரு கை அகலத்துக்குத்தான் தெரிந்தது, அதற்குக் கீழே ஊசிமுனை அளவில் அங்கங்கே சில புள்ளிகள். காயிலில் இரண்டு அடுக்கு இருக்கிறது, குப்பை அந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கியிருந்தது. மெல்லிய சாவணத்தை நுழைத்து ஒரு நுனியைப் பிடித்து இழுத்ததும் சாம்பல் நிறத்தில் பட்டையாக உரிந்து வந்தது. புல் வெட்டும்போது பறந்த துணுக்கு, மகரந்தம், சிலந்தி நூல், நாய் முடி எல்லாம் ஈரத்தில் நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்து காய்ந்து, கம்பளித் துணி போலாகிவிட்டது.

கழுவும் முறையில் அவசரம் கூடாது. எலக்ட்ரிக் பெட்டியை முதலில் பாலித்தீன் சுற்றிக் கட்டினேன். நீள முடி கொண்ட மெத்தென்ற பிரஷ்ஷால் ஃபின் (காயிலின் மெல்லிய அலுமினியத் தகடு) போகும் திசையிலேயே, மேலிருந்து கீழாக, இரு பக்கமும் உலர் நிலையில் ஒரு முறை. பிறகு காயில் கழுவும் நுரை தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டேன். அலுமினியத்துக்கு ஆகாத நுரைகளும் விற்கிறார்கள், டப்பாவில் படித்துவிட்டு வாங்க வேண்டும். அப்புறம் சாதாரணத் தோட்டக் குழாயால் உள்ளிருந்து வெளியே. காற்று வெளியிலிருந்து உள்ளே வருகிறது, குப்பையும் அப்படித்தான் நுழைந்தது. வெளியிலிருந்து அடித்தால் நடு அடுக்குக்குள் இன்னும் திணித்துவிடுவோம். கார் கழுவும் பிரஷர் வாஷரை அருகில் கொண்டுவரவே கூடாது, ஒரே வீச்சில் ஃபின்கள் படுத்துவிடும். ஏற்கெனவே படுத்திருந்தவற்றை ஃபின் சீப்பால் நிமிர்த்தினேன். சீப்பில் அங்குலத்துக்கு இத்தனை பல் என்று முனைக்கு முனை மாறும், காயிலின் இடைவெளிக்குப் பொருந்துவதைத்தான் எடுக்க வேண்டும். தப்பான பல், நேராக இருக்கும் ஃபினையும் கிழித்துவிடும். இந்தச் சீப்பு வேலைதான் அலுப்பு, அரை காயில் முடிவதற்குள் மணிக்கட்டு விட்டுப்போயிற்று.

நன்றாகக் காயவிட்டு, மூடி, அதே 16 டிகிரிக் காற்று வாய்த்த காலையில் அளந்தேன். வித்தியாசம் 1.1, ஆக 7.7 கிலோவாட். மின்சாரம் 2.3. மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் தகட்டில் இருக்கும் 10.5-க்கு இன்னும் தூரம். பனி குறைந்திருந்தது, முழுக்கப் போகவில்லை.

இந்தக் கட்டத்தில் கண்ணில் பட்டது ஃபேன் கிளம்பும் விதம். கம்ப்ரஸர் பிடித்த பிறகும் ஃபேன் சோம்பலாகத்தான் வேகமெடுத்தது. காயிலின் வெளிப்பக்கம் ஒரு தாளை வைத்துப் பார்த்தேன். காற்று இழுக்கும் வேகத்தில் தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மேல் பாதியில் ஒட்டியது, கீழ்ப் பாதியில் வழுக்கி விழுந்தது. மோட்டாரைக் கையால் சுற்றினால் தங்குதடையில்லாமல் சுற்றுகிறது, பேரிங்கில் சத்தமும் இல்லை. மிச்சம், மோட்டாரைக் கிளப்பி ஓட்ட உதவும் கெப்பாசிட்டர்.

கெப்பாசிட்டரைத் தொடும் முன் ஒரு விஷயம். எம்சிபியை இறக்கினாலும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரை இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடுவதைப் பலர் செய்கிறார்கள். வேண்டாம். 20 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றில் காப்புறை போட்ட கம்பிகளை இணைத்து, முனைகளில் சில நொடி பிடித்து, மல்டிமீட்டரில் வோல்ட் பூஜ்யம் என்று பார்த்த பிறகுதான் கழற்றினேன். உறையில் 5 மைக்ரோஃபாரட், கூடவோ குறையவோ 5 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறது. அதாவது 4.75-க்குக் கீழே போகக்கூடாது. மீட்டரில் வந்தது 2.9. வெளியே உப்பலோ எண்ணெய்க் கசிவோ எதுவும் இல்லை, கண்ணால் பார்த்தால் புதிது மாதிரிதான் இருந்தது. அதே மைக்ரோஃபாரட், அதே 450 வோல்ட்டில் புதிதாக மாற்றினேன். வோல்ட் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறைவாக மட்டும் இருக்கக்கூடாது. பெரிய கெப்பாசிட்டர், கம்ப்ரஸருடையது, 50-க்கு 49 காட்டியது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

ஃபேன் இப்போது போட்டவுடன் கிளம்புகிறது. தாள் மேலும் கீழும் ஒட்டி நிற்கிறது. வித்தியாசம் 1.4, 9.7 கிலோவாட். பனி போய்விட்டது. இந்த மொத்த வேலையிலேயே சின்ன, மலிவான உதிரி இதுதான், திரும்பக் கொடுத்ததோ இரண்டு கிலோவாட்.

மூன்றாவது கோளாறு மெஷினுக்கு உள்ளே இல்லை. அளக்கும்போது காற்றின் வெப்பத்தை எப்போதும் திறந்த வெளியில்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு காலை, மெஷின் ஓடும்போது தெர்மாமீட்டரைக் காயில் காற்றை இழுக்கும் பக்கம் தொங்கவிட்டேன். வெளியே 16.2, அங்கே 13.9! மெஷின் தான் ஊதிய குளிர்காற்றைத் தானே மறுபடி இழுத்துக்கொண்டிருந்தது. ஃபேன் ஊதும் பக்கம் எதிரே வேலிச்செடி. மெஷினைப் பொருத்தும்போது எட்ட இருந்தது, இப்போது ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். குளிர்காற்று கனமானது, செடியில் மோதி, தரையோடு படர்ந்து, பின்பக்கமாகச் சுற்றி வந்துவிடுகிறது. கையேட்டில் ஊதும் பக்கம் இரண்டரை மீட்டர், இழுக்கும் பக்கம் அரை மீட்டர் திறந்திருக்க வேண்டும் என்று படமே போட்டிருக்கிறது.

செடியை அடியோடு வெட்ட மனம் வரவில்லை. மெஷின் எதிரே மட்டும் இடுப்பளவுக்குக் குறைத்து, நடுவில் ஆள் புகும் அகலத்துக்குத் திறந்துவிட்டேன். யூனியன் நட்டுகளைத் தளர்த்தி மெஷினையும் கொஞ்சம் கோணலாகத் திருப்பினேன், ஊதும் காற்று திறந்த பக்கம் போகும்படி. ரப்பர் கட்டைகளை நேராக்கி, ஸ்பிரிட் லெவல் வைத்து, வடிகால் பக்கம் சற்றே சரிவாகப் பார்த்துக்கொண்டேன். இப்போது இழுக்கும் பக்கம் 15.9. வித்தியாசம் 1.5, ஆக 10.4 கிலோவாட், மின்சாரம் 2.3. நாலரை மடங்கு. தகட்டின் இரண்டாவது வரிக்கு வந்துவிட்டது. 0.1 டிகிரி தப்பினாலே 0.7 கிலோவாட் மாறும் என்பதால் கடைசி எண்களை ரொம்ப நுணுக்கமாக நம்ப வேண்டியதில்லை. 4.9-க்கும் 10.4-க்கும் உள்ள தூரம் அப்படிப்பட்டதல்ல.

மெஷினை ஒட்டி இன்னொரு வேலையும் முடித்தேன். குளோரின் மாத்திரை டப்பாவும் ஆசிட் கேனும் மெஷினுக்குப் பக்கத்திலேயே இருந்தன, அந்தப் புகையும் காயிலுக்குள்தான் போகும். இடம் மாற்றிவிட்டேன். தண்ணீரில் குளோரின் கலக்கும் குளோரினேட்டர் குழாய்வழியில் ஹீட் பம்புக்குப் பிறகுதான் இருக்கிறது, நடுவில் தண்ணீரைத் திரும்பிவர விடாத செக் வால்வும் உண்டு, அதனால் அதில் கை வைக்கவில்லை.

மெஷின் சரியான பிறகுதான் மூடுவிரிப்பின் அருமையும் எண்ணில் தெரிந்தது. விரிப்பு போடாத இரவில் தண்ணீர் 2.1 டிகிரி இறங்கியது, போட்ட இரவில் 0.7. வித்தியாசம் 1.4 டிகிரி, அதாவது 73 யூனிட் வெப்பம். நாலரை மடங்கில் வகுத்தால் ஓர் இரவுக்கு 16 யூனிட் மின்சாரம். இதில் பெரும்பகுதி ஆவியாகப் போவது. ஒரு லிட்டர் ஆவியானால் 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. விரிப்பைச் சுருட்டும் உருளை வாங்கலாமா என்று வீட்டில் ரொம்ப நாளாக ஓடிய விவாதம் இந்த 16-ஐக் காட்டியதும் முடிந்தது.

அடுத்த முறை வேலையின் வரிசையை மாற்றுவேன். முதலில் டார்ச், அப்புறம் தாள், அப்புறம் காயில் இழுக்கும் பக்கக் காற்று வெப்பம். மூன்றுக்கும் சேர்த்து அரை மணி நேரம் போதும், டார்ச் தவிர மற்ற இரண்டுக்கும் எதையும் கழற்றவே வேண்டாம். காயிலை வருடத்துக்கு ஒரு முறை நடு அடுக்கு தெரியும்படி திறந்து பார்ப்பேன். புல் வெட்டும் நேரத்தில் மெஷினை நிறுத்தி வைப்பேன். அந்த அளவு கெப்பாசிட்டர் இன்னொன்று இப்போதே வாங்கி எலக்ட்ரிக் பெட்டி மூடியின் உட்புறம் டேப் போட்டு வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. மெஷின் திரை காட்டும் தண்ணீர் வெப்பம் என் தெர்மாமீட்டரைவிட ஒரு டிகிரி கூடுதல். சென்சாரை வெளியே எடுத்து, பொடித்த ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்தால் திரை சரியாக 0 காட்டுகிறது, ஆக சென்சார் நல்லது. அது உட்காரும் செப்புக் குழிக்குள் வெப்பம் கடத்தும் பசை காய்ந்து தூளாகிக் கிடக்கிறது, கம்ப்ரஸர் பக்கத்து வெதுவெதுப்பு அதில் ஏறுகிறது என்று சந்தேகம். பசை வாங்கி வைத்தாயிற்று. குழாய்களிலும் இரண்டு தெர்மாமீட்டர் குழிகள் பொருத்த வேண்டும், அதற்குப் பிவிசியை அறுக்க வேண்டும். பருவம் முடிந்து மெஷினிலிருந்து தண்ணீரை வடிக்கும்போது இரண்டையும் சேர்த்துச் செய்துவிடலாம். அதுவரை செட்டிங்கை 29-இல் வைத்திருக்கிறேன், குளம் 28-இல் இருக்கிறது.